ஒரு மனை தள்ளி

பானுப்ரியாவை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். அந்த ஆண்டுகளில் நான் எந்த ஊரிலும் நிலையாக இருக்கவில்லை. பொன்னேரியிலிருந்து அம்மா அழைக்கும்போதெல்லாம் பேச்சின் நடுவே "நம்ம பிளாட்டுப் பொண்ணு போன் பண்ணிச்சு" என்று ஒரு வரி வரும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பூநாரை நகர் என்ற இடத்தில் அம்மா ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தாள். அந்த மனையின் நல்லது கெட்டதைச் சொல்கிறவள்தான் பிளாட்டுப் பொண்ணு. ஒருமுறை அம்மா அவள் அழைப்பில் என்னையும் சேர்த்துவிட்டாள்.

"வணக்கம் மேடம், பிரியா பேசறேன். உங்க மனையில வேலிகாத்தான் வளந்து கீது. வெட்டிடலாங்களா?"

நான் எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் நமக்கும் ஒரு தரை இருக்கிறது, அதை ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றவைப்பதுதான் அவள் வேலை என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வந்த பிறகு மனையைப் பார்க்கப் போன இடத்தில் அவளை நேரில் கண்டேன். சிறிய உருவம். ஏரி வெயிலில் கறுத்த முகம். கையில் இரண்டு போன், ஒன்று ஊருக்கு, ஒன்று ஆபீசுக்கு. ஊர் போன் அடித்தால் "இன்னாடி?" என்பாள். ஆபீஸ் போன் அடித்தால் முந்தானையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு "வணக்கம், பிரியா பேசறேன்" என்பாள். வெறும் குரல் அழைப்புக்கும் அப்படித்தான்.

ஊரில் அவள் பானு. அப்பா ரங்கன் சிறு படகில் வலை போடுகிறவர். அம்மா குப்பம்மாள் ஏரியில் இறால் தடவுகிறவள். அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெண்கள் வரிசையாகத் தண்ணீரில் குந்தி, கழுத்தளவு மூழ்கி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் பத்துப் பெண்கள் சேர்ந்து செய்கிற அந்த வேலையில் ஒரு பேச்சும் இருக்காது.

பானுவும் சிறுவயது முதல் அதைச் செய்தவள்தான். கட்டிக்கொண்டவன் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு வீடு வைத்துக்கொண்ட பிறகும் அதைத்தான் செய்தாள். "குளிரு, சேறு எல்லாம் தாங்கிப்பேன்" என்றாள் என்னிடம். "வாயை மூடிக்கினு இருக்கறதுதான் எனக்கு ஆவாது."

அந்த வாய்தான் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது. பூநாரை நகரைப் போட்ட விமல் ஒருநாள் பாலத்தருகே அவளிடம் இறால் வாங்க நின்றார்.

"இந்த இறாலுக்கு இவ்ளோ பேச்சாம்மா?" என்றார்.

"இறா செத்துப்போச்சு சார், அது பேசாது. அதுக்கும் சேத்து நான்தான பேசணும்?"

அடுத்த வாரம் பொன்னேரியில் மாடியிலிருந்த அவர் ஆபீசில் பானு உட்கார்ந்திருந்தாள். காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதை ஒருநாள் படித்துவிட்டு, தன் சொந்தப் பேச்சுக்கு மாறிவிட்டாள். "கீது" என்று சொல்லாதே என்று விமல் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தாளைப் படித்த பெண்களைவிட இவள் பேச்சில்தான் அதிகப் பேர் மனை பார்க்க வந்தார்கள்.

விற்றதோடு வேலை முடிவதில்லை. மனை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வந்து பார்க்க முடியாத தூரத்தில் இருந்தார்கள். அவர்களுக்காகப் பராமரிப்பு என்று ஒன்றை விமல் வைத்திருந்தார். முள் வெட்டுவது, ஆடு மாடு பார்ப்பது, கேட்டபோதெல்லாம் மனையில் போய் நின்று வீடியோவில் காட்டுவது. முழுக்கப் பானுவின் தலையில். வீட்டில் சண்டை போட்டவர்கள், வேலை போனவர்கள், தொலைக்காட்சியில் புயல் செய்தி பார்த்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"மனை இருக்காம்மா?"

"எங்க போவப் போவுது சார்? படுத்துக்கினு கீது. காட்டட்டா?"

காட்டுவது சொல்வதுபோல் எளிதல்ல. மனைகளின் எண் பொறித்த கற்களை முதல் மழைக்காலத்திலேயே ஊர்க்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். படகு கட்ட, வலைக்குப் பாரமாக, துணி துவைக்க. குப்பம்மாள் வீட்டுத் துவைக்கல்லில் இன்னும் முப்பத்தொன்று என்று இருக்கிறது. "முப்பத்தொண்ணாம் நம்பர்காரர் இன்னிக்கு அழுக்கா கீறாரு" என்று சொல்லிக்கொண்டே அதில் சோப்பு தேய்ப்பாள். மண் பாதைகளும் சேற்றில் கரைந்துபோயின. மிஞ்சியது முள்ளும் வெட்டவெளியும்.

பானு அதற்குத் தன் ஊர் வழியைப் பிடித்தாள். ஏரியில் எல்லைக்கல் கிடையாது. வலை போடுகிற இடத்தைக் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேராகப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பனைக்குப் பின்னால் கோபுரம் வந்தால் ஒரு இடம், கோபுரம் விலகிக் கொட்டகை வந்தால் வேறு இடம். கற்கள் இருந்த நாட்களிலேயே அவள் மனைகளையும் அப்படி மனத்தில் போட்டு வைத்திருந்தாள். பக்கத்துக் குப்பத்து மாதா கோயிலின் சிலுவை, ஏரிக்கு அப்பால் நிற்கும் கலங்கரை விளக்கை, அவள் சொல்லில் லைட் அவுசை, மறைத்தால் இன்ன மனை. மறுபக்கம் மின்கம்பத்துக்குப் பின்னால் உப்புக் கொட்டகை வந்தால் இன்ன வரிசை. நேரே நடந்துபோய் நின்று, "இதான் சார் உங்களுது" என்பாள். ஒருமுறை விமல் சந்தேகப்பட்டு அளப்பவரைக் கூட்டிவந்தார். அவள் நின்ற இடம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அளப்பவருக்குக் கூலி தருவதை நிறுத்திவிட்டார்.

ஞானதாஸ் அவள் போனில் பிடித்த ஆள். குவைத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மனைவி மரியம்மா அதே ஊரில் ஒரு வீட்டில் சமையல் வேலை. பிள்ளைகள் இல்லை.

"ஒரு நிமிசம் பேசலாங்களா சார்?" என்று பானு கேட்டபோது அவர், "நான் கிரேன் மேல கீறேம்மா" என்றார்.

"அப்ப அங்கேர்ந்தே பாருங்க சார், எங்க ஏரி தெரியுதான்னு."

அவர் சிரித்துவிட்டார். அந்தக் 'கீறேன்' என்ற சொல்லில் பானுவுக்கு ஆள் பிடிபட்டது. "நீங்க எந்த ஊரு சார்?" காட்டூர். ஏரிக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே இருந்த குடும்ப வீட்டை அண்ணன் பால்ராஜ் தன் பெயருக்கு எழுதிக்கொண்டுவிட்டார். அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை. காட்டூருக்குப் பக்கத்தில், ஆனால் காட்டூருக்குள் இல்லாமல், சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பது ஞானதாஸின் நீண்ட நாள் ஆசை. மனையை வாங்கினார். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. வெள்ளிதோறும் கணவனும் மனைவியும் வீடியோவில் வருவார்கள். சார் அண்ணன் ஆனார், மேடம் அக்கா ஆனாள், பானு தங்கச்சி ஆனாள்.

அதன்பின் நோய்க்காலம் வந்தது, ஊரடங்கு வந்தது, ஒரு புயலும் வந்தது. புயலில் மாதா கோயிலின் கூரை போயிற்று. பழசை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கட்டி முடியும்வரை சிலுவை இல்லை. பூநாரை நகருக்கும் யாரும் போகவில்லை. முள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. எல்லாம் ஓய்ந்ததும் விமல் ஜேசிபி வைத்து முள்ளை வாரி, மேடு பள்ளத்தை ஒரே மட்டமாக இழுத்துவிட்டார். அதே நாட்களில் புதுக் கோபுரத்தின் மேல் சிலுவை ஏறியது. பழையதைவிட உயரம். வெள்ளையாக, பளிச்சென்று. "முன்னைக்கு இப்ப நல்லா தெரியுது" என்று பானு சந்தோஷப்பட்டாள். முன்போலவே லைட் அவுசைச் சிலுவை மறைக்கும்வரை நடந்துபோய் நின்று, "இதாண்ணா உங்க மனை" என்று காட்டினாள்.

வீடு கட்டலாம் என்று ஞானதாஸ் சொன்னார். இருவரும் இன்னும் சில வருஷத்தில் வந்துவிடலாம், உடம்பில் தெம்பு இருக்கும்போதே. கட்டுவதற்கு முன் அளந்துவிடலாமா என்று பானு ஆபீசில் கேட்டாள். "உனக்குத் தெரியாததா?" என்றார் விமல். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வீடு முழுக்கப் போனில் எழுந்தது. அஸ்திவார நாளில் பானு இரண்டு செங்கல்லை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தாள். குவைத்திலிருந்து ஞானதாஸ் ஜெபம் சொல்ல, மேஸ்திரியும் ஆட்களும் தலைகுனிந்து நின்றார்கள். நடுவில் சிக்னல் போய்விட்டது. ஆமென் வருகிறதா என்று எல்லாரும் வெயிலில் காத்திருந்தார்கள். மேஸ்திரி, "இன்னாம்மா, சாமி ஹோல்டுல போட்டுட்டாரா?" என்றார்.

மரியம்மாவுக்குச் சமையலறை ஜன்னல்தான் எல்லாம். அவள் வேலை செய்கிற வீட்டில் சமையலறைக்கு ஜன்னலே இல்லையாம்.

"பானு, அடுப்பு வர எடத்துல நில்லு. அப்படியே கண்ணு மட்டத்துக்குப் போனைத் தூக்கு. இன்னா தெரியுது?"

"ஏரி தெரியுதுக்கா. ரெண்டு படகு. அப்பால லைட் அவுசு."

"அந்த உயரத்துக்கே வெச்சிடச் சொல்லு ஜன்னலை. கொஞ்ச நேரம் அப்படியே புடி. காத்து சத்தம் கேக்குது."

பானு கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பக்கத்து மனைக்காரர் மனோஜ் கோயம்புத்தூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர். அவருக்கும் பானுதான் வீடியோவில் மனையைக் காட்டிவந்தாள். "பக்கத்துல வீடு வருதா? ரொம்ப நல்லதும்மா, நம்ம எடத்துக்கு வெல ஏறும்" என்று அவர் மகிழ்ந்தார். விலை ஏறத்தான் செய்தது. அதை வாங்க ஓர் ஆள் வந்தார். அவருடைய வங்கி அளந்து கேட்டது. மனோஜ் ஓர் அளப்பவரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்த வாரம் அது.

பானு சிரித்துக்கொண்டே எதிரே போனாள். "வாங்க சார், இப்பதான் நேர்ல பாக்கறேன்."

அளப்பவர் மூன்றுகால் கருவியை நிறுத்தி, நடந்து, மறுபடி நிறுத்தி, வரைபடத்தைப் பார்த்து, திரும்பவும் நடந்தார். மனோஜ் வீட்டைப் பார்த்தார்.

"இது யார் வீடும்மா?"

"ஞானதாஸ் அண்ணனுதுங்க. உங்க மனைக்குப் பக்கத்துலன்னு காட்டினனே, அதுதான்."

அளப்பவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "பக்கத்துல இல்லம்மா. சார் மனை மேலயே நிக்குது."

பானு ஒத்துக்கொள்ளவில்லை. சிலுவையைக் காட்டினாள், லைட் அவுசைக் காட்டினாள். அளப்பவர் கருவியின் கண்ணை அவள் பக்கம் திருப்பி, பார்க்கச் சொன்னார். அதில் என்ன பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாலை கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ரங்கனிடம் போய் உட்கார்ந்தாள்.

"நைனா, சிலுவை லைட் அவுசை மறைச்சா அந்த மனைதான?"

"எந்தச் சிலுவை, பழசா புதுசா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"எப்படி ஒண்ணாவும்? பழைய கோயில் இருந்த எடத்துல இப்ப சாமியார் கார் நிக்குது. கோபுரத்தைத் தெக்கால தள்ளி இல்ல கட்டினாங்க."

"நீ அதைப் பாத்துதான ஏரிக்குப் போற?"

"போறேன். கோபுரம் ஒரு வூடு தள்ளிப் போனா வலைக்கு இன்னா? மீனு இன்னா அளந்தா நிக்குது?"

பானு எழுந்திருக்கவில்லை. ரங்கன் சிக்கெடுப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கும் புரிந்தது.

விமல் மறுநாள் வந்தார். மனோஜிடம், "அந்தப் பொண்ணு கம்பெனி ஆளே இல்ல சார், சும்மா கமிஷனுக்குப் போன் பேசறவ" என்றார். பானுவைத் தனியாக அழைத்துப்போய், "நம்பரை மாத்திடு. அவன் அங்கேர்ந்து கிளம்பி வரதுக்குள்ள எல்லாம் ஆறிடும்" என்றார்.

"எப்படி சார் ஆறும்? வூடு நிக்குதே."

"அப்ப நீயே சொல்லிக்க. கம்பெனி பேரு உன் வாயில வரக் கூடாது. சிலுவையைப் பாத்துக் காட்டினவ நீ, நான் இல்ல."

அதில் பொய் இல்லை என்பதுதான் அவளைக் குடைந்தது.

சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. எப்போது சொல்வது? ஞானதாஸ் வாரம் முழுக்க கிரேன் மேல் இருக்கிறவர். "அவ்ளோ ஒசரத்துல கீற ஆளுகிட்ட இத்த எப்படிச் சொல்றது?" என்றாள் என்னிடம். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தாள். நடுவில் அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். வாசலுக்கு எந்த நிறம் என்று கேட்டார். முருங்கை வைக்கலாமா என்று கேட்டார். "வைக்கலாம்ணா" என்றாள். அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதைக் குப்பம்மாள் பார்க்கவில்லை.

வெள்ளியன்று இருவரும் திரையில் வந்தார்கள். வெள்ளையடித்த வீட்டைப் பார்ப்பதற்காக மரியம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டிருந்தாள். பானு போனை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. தன் முகத்தையே காட்டிக்கொண்டு முழுவதையும் சொன்னாள். தான் சிலுவையை வைத்து இடம் பார்த்ததையும் கோபுரத்தைத் தள்ளிக் கட்டியதையும் விடாமல் சொன்னாள்.

ஞானதாஸ் சிரிக்கப் பார்த்தார். "வெளாடாத தங்கச்சி."

"வெளாடலண்ணா."

மரியம்மாதான் கேட்டாள். "நீ நேர்ல போய் நின்னுதான பாத்த?"

"ஆமாக்கா."

"உன் கண்ணாலதான பாத்த?"

"என் கண்ணாலதாங்க்கா பாத்தேன்."

திட்டுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள். திரையில் ஞானதாஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டதும், மரியம்மா எட்டி போனை அணைத்ததும்தான் கடைசி.

மனைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். மனோஜ் கொடுமைக்காரர் இல்லை. ஆனால் கடை நொடித்துப்போய் இதை விற்று மீள வேண்டிய நிலையில் இருந்தார். வாங்குகிறவருடைய வங்கிக் காகிதமெல்லாம் இந்த எண்ணுக்குத்தான். தவிரவும் ஞானதாஸின் உண்மையான மனை, அடுத்தது, பழைய கால்வாயின் பள்ளம். ஜேசிபி இழுத்த மண் ஒரே மழையில் அமுங்கி, பள்ளம் மறுபடி தெரிய ஆரம்பித்திருந்தது. அதை யாரும் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மனோஜின் மனையையே விலைக்கு வாங்க ஞானதாஸிடம் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் சுவராக நின்றது.

கடைசியில் ஞானதாஸ் பல வருஷப் பகையை விட்டு, மனோஜிடம் பேசிப் பார்க்கச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டார். பால்ராஜ் வந்தார். வீட்டைச் சுற்றி நடந்தார், கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். நல்ல வேலை என்றுகூடச் சொன்னார். பிறகு மனோஜிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

"அண்ணா, நீங்க சொன்னா கேப்பாருண்ணா" என்று பானு வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன்லயே கட்டினான் இல்ல? போன்லயே இடிக்கட்டும்."

இடித்த அன்று நானும் இருந்தேன். அம்மாவின் மனையும் எங்கே என்று தெரியாமல் போனதால்தான் அந்த வாரம் முழுக்க அங்கே போய்க்கொண்டிருந்தேன். மனோஜ் கொடுத்த கெடு முடிந்திருந்தது. கதவுகளையும் கம்பிகளையும் முன்னமே கழற்றி விற்றாகிவிட்டது. அதில் வந்த பணமும் ஜேசிபி வாடகைக்குச் சரியாகப் போயிற்று. ஞானதாஸ் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்தே போனில் இருந்தார். வேண்டாம்ணா, பார்க்காதீங்க என்று பானு எவ்வளவோ சொன்னாள்.

"முழுசா இன்னும் நான் சுத்திப் பாக்கல தங்கச்சி. ஒரு தடவை சுத்திக் காட்டு."

அவள் காட்டினாள். வாசல், கூடம், படுக்கையறை, சமையலறை. சமையலறையில் அவர் நிறுத்தச் சொன்னார்.

"அந்த ஜன்னலை மட்டும் கழட்டி வெச்சிடு. மரியம்மா கேட்டா."

மேஸ்திரியே வந்து சட்டத்தைப் பெயர்த்துக் கொடுத்தார். அதன்பின் பானு தள்ளிப்போய் நின்று போனை உயர்த்திப் பிடித்தாள்.

"தூசு வரும்மா, இன்னும் தள்ளிப் போ" என்று ஜேசிபிக்காரர் கத்தினார்.

"அசைக்காம புடி" என்றார் ஞானதாஸ்.

நான் பானுவின் பக்கத்தில் நின்றதால் திரையின் மூலையில் அவர் முகம் எனக்கும் தெரிந்தது. அங்கே படம் ஒரு கணம் தாமதமாகத்தான் போகும். எங்கள் கண் முன்னால் முன்சுவர் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அவர் முகம் இன்னும் அப்படியே, வீட்டைப் பார்க்கிற முகமாகவே இருந்தது. பிறகுதான் அது மாறியது. ஒவ்வொரு சுவருக்கும் அப்படி. பானு ஒவ்வொரு தடவையும் இரண்டையும் பார்த்தாள், முதலில் இங்கே, அப்புறம் அங்கே. கை ஆடாமல் இருக்க முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள்.

நான் போன ஊர்களில் வீடுகள் இடிவதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் யாராவது கத்துவார்கள், மண்ணை வாரி இறைப்பார்கள். இங்கே வீட்டுக்காரர் கடைசியில், "போதும், நீ சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விமல் ஆபீஸ் போனை வாங்கிக்கொண்டார். சிம்மைப் பானு கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லி ஊர் போனில் போட்டுக்கொண்டாள். மற்ற மனைக்காரர்களுக்கு அவளே கூப்பிட்டு, நான் காட்டியது தப்பு, அளந்து பாருங்கள் என்று சொன்னாள். சிலர் ஏசினார்கள். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். "போங்க சார், ஸ்டேஷனுக்கு வழி நான் காட்டறேன், அது தப்பாது" என்றாளாம். சொல்லி முடித்ததும் அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைந்து, பிறகு நின்றே போயின. அவள் தாயோடு மறுபடி இறால் தடவப் போனாள். ஜன்னல் சட்டம் அவர்கள் வீட்டுப் பின்சுவரில் சாய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவள் தண்ணீரில் இறங்குவதில்லை. சார்ஜ் போட்ட போனை மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருப்பாள். ஞானதாஸ் கூப்பிட்டதே இல்லை.

ஐப்பசி மழை பிடித்தது. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்ததால் ஏரி ஏறிக்கொண்டே வந்து பூநாரை நகருக்குள் நுழைந்தது. கால்வாய்ப் பள்ளம் முழுக்க உப்புத் தண்ணீர். இறால் அங்கேயும் வந்தது. பெண்களும் வந்தார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை நான் பானுவோடு கரையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். திரையில் மரியம்மா தனியாக இருந்தாள், பின்னால் ஜன்னலில்லாத ஒரு சுவர்.

"அண்ணன் எப்டிக்கா கீறாரு?"

"வேலைக்குப் போறாரு. பேசறதில்ல." பிறகு கேட்டாள். "பானு, எங்க மனை எதுன்னு நான் இன்னும் பாக்கவே இல்லியே. உண்மையானது. காட்டறியா?"

பானு சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அளப்பவர் நட்டுவிட்டுப்போன கல்லின் தலை தண்ணீருக்குமேல் சிறிது தெரிந்தது. இந்த முறை சிலுவையை அவள் பார்க்கவில்லை. கல்லைக் கையால் தொட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, போனை மெதுவாகத் திருப்பினாள்.

"இதாங்க்கா."

மரியம்மா வெகுநேரம் பார்த்தாள். வெறும் தண்ணீர், மழைப்புள்ளிகள். நடுவில் ஒரு தலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"யாரு அது, எங்க மனையில?"

"எங்கம்மாக்கா. இறா தடவுது."

"கொஞ்சம் பேசச் சொல்லேன். இன்னா கெடைக்குதுன்னு கேக்கறேன்."

குப்பம்மாள் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். கைகள் இரண்டும் கீழே சேற்றில் இருந்தன.

"பேச முடியாதுக்கா" என்றாள் பானு. "வாயில பறி கீது."